வானுதவிக்கும் நிலம் வேண்டும்

நுழையும்முன்

வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்கு ஹெலிகாப்டர் உணவு கொண்டுவருவதையும், மாடிகளில் தவிப்போரை மீட்பதையும் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். காண்போர் ஊர்தியை வியக்கின்றனர். அது இறங்கும் இடத்தைப் பற்றி எண்ணுவோர் சிலரே. அந்த இடத்தின் தேவையை வலியுறுத்துகிறது இக்கருத்துக் கட்டுரை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. பெருமழை தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக்கற்களை அரித்துச் சென்றிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள் அதில் இருந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளியில் தங்கவைக்கப்பட்டனர். ஏனையோர் நிலையத்திலேயே இருந்தனர். சாலைகளும் நீரில் மூழ்கியதால் வெளியிலிருந்து எந்த உதவியும் உடனே வந்து சேரவில்லை.

அந்நிலையில் புதுக்குடி என்னும் சிற்றூரின் மக்கள் தம்மிடமிருந்த அரிசியைக் கொண்டு சமைத்துப் பயணிகளின் பசியாற்றினர். பின்னரே ஹெலிகாப்டர் வழியாக உணவுப் பொட்டலங்கள் வந்தன. கருவுற்ற பெண் உள்ளிட்ட சிலர் வான்வழியே மீட்கப்பட்டனர். எஞ்சியோர் சாலை வழியாக வாஞ்சி மணியாச்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சிறப்பு ரயிலில் சென்னை சென்றனர்.

இந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகிறது. வான்வழி உதவி விரைவானது. சாலையும் ரயிலும் பயனற்றுப் போகும்போது அதுவே உயிர் காக்கிறது. ஆயினும் அது பயன்பட வேண்டுமாயின், நிலத்தில் இறங்க இடமும் உதவ மனிதரும் இருத்தல் வேண்டும்.

விமானத்துக்கு இது இன்னும் பொருந்தும். 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளம், அடையாற்றின் கரையில் அமைந்த விமான நிலையத்தையும் விட்டுவைக்கவில்லை. நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. அப்போது அரக்கோணத்திலுள்ள ஐஎன்எஸ் ராஜாளி என்னும் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டனர். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போதும் இவ்வாறே நிகழ்ந்தது. கொச்சிப் பன்னாட்டு விமான நிலையம் இரண்டு வாரங்கள் மூடிக் கிடந்தது. ஆகஸ்ட் 20ஆம் நாள் அந்நகரின் கடற்படைத் தளம் பயணிகளுக்காகத் திறக்கப்பட்டது. அங்கு முதலில் சென்று இறங்கியது பெங்களூரிலிருந்து புறப்பட்ட விமானமே. நீர் புகாத நிலம் ஓரிடத்தில் எஞ்சியிருந்தமையால் இரு நகரங்களும் வெளியுலகத் தொடர்பை மீண்டும் பெற்றன.

ஹெலிகாப்டருக்கு நீண்ட ஓடுபாதை தேவையில்லை. ஆனால் அதற்கும் திறந்த சமநிலம் தேவை. பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'துருவ்' ஹெலிகாப்டரின் சுழலிறகு 13 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டம் உடையது. மின்கம்பி ஒன்று அதில் சிக்கினாலும் பேரிடர் நேரும். அது கீழ்நோக்கித் தள்ளும் காற்று தகரக் கூரைகளைப் பெயர்த்து எறியக்கூடும். அதனால்தான் இடமில்லாத ஊர்களில் வீரர்கள் கயிற்றில் இறங்கி ஒவ்வொருவராக மேலேற்றுகின்றனர். கேரள வெள்ளத்தின்போது சாலக்குடியில் ஒரு கடற்படை விமானி, வீட்டு மாடியின்மேல் முழு எடையையும் வைக்காமல் ஹெலிகாப்டரை நிறுத்தி 26 பேரைக் காப்பாற்றினார். அது போற்றத்தக்க துணிவு. எனினும் அத்தகைய துணிவை மட்டுமே நம்பி ஒரு நகரம் இருத்தல் முறையன்று.

இனிப் பொம்மனஹள்ளியை நோக்கலாம். ஹெலிகாப்டர் உருவாகும் தொழிற்சாலை இதே நகரில் உள்ளது. ஆனால் இறங்குவதற்கு இடம் உள்ளதா? தெருக்கள் குறுகியவை. தலைக்குமேல் மின்கம்பிகள் பின்னிக் கிடக்கின்றன. மாடிகளை நீர்த்தொட்டிகளும் தகரக் கொட்டகைகளும் நிரப்பியுள்ளன. எஞ்சியவை சில விளையாட்டுத் திடல்களும் ஏரிக்கரைகளுமே. அவையும் ஆண்டுதோறும் சுருங்கிவருகின்றன. 2019 நவம்பர் 24ஆம் நாள் ஹுளிமாவு ஏரியின் கரை உடைந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் நீர் புகுந்தது. எனவே, வெள்ளம் இப்பகுதிக்குப் புதியதன்று.

"நிலத்தின் விலை உயர்ந்துள்ள நகரில் திடலை வெறுமையாக விடுவது வீண்" என்பர் சிலர். "2022இல் பெங்களூரில் வெள்ளம் வந்தபோது டிராக்டர்களும் படகுகளும்தாமே மக்களைக் காத்தன?" என்று வினவுவோரும் உளர். அவர்கள் கூறுவதில் ஒரு பகுதி உண்மையே. ஹெலிகாப்டர் ஒரு முறைக்குச் சிலரையே ஏற்றிச் செல்லும். அதன் செலவும் மிகுதி. ஆயினும் டிராக்டர் ஏற்றிவந்த மக்கள் கூடுவதற்கும், பொதுச் சமையல் நடத்துவதற்கும், மருத்துவ முகாம் அமைப்பதற்கும் மேடான திறந்தவெளி வேண்டும் அன்றோ? மற்ற நாட்களில் பிள்ளைகள் விளையாடும் திடல், இடர்நாளில் ஊரையே காக்கும். அதனை வீண் என்று கூறுவது பொருந்தாது.

ஆகவே ஒவ்வொரு வட்டத்திலும் நீர் தேங்காத ஒரு திடலை அரசு தேர்ந்தெடுத்தல் வேண்டும். அதன்மேல் கம்பிகள் செல்லாதவாறும், அதில் கட்டடம் எழாதவாறும் சட்டத்தால் காத்தல் வேண்டும். அங்குச் செல்லும் வழியைப் பள்ளிகள் ஆண்டுதோறும் பயிற்சியாக நடத்திக் காட்டல் வேண்டும்.

இப்பணியில் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தனிப்பங்கு உண்டு. பெற்றோர் பலருக்குக் கன்னட அறிவிப்புப் பலகைகளைப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளோ தெருவில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசுகின்றனர். திடலுக்குச் செல்லும் வழியை வீட்டிலுள்ள பாட்டிக்கும், பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கும் எடுத்துரைக்க அவர்களால் முடியும். புதுக்குடி மக்கள் ஊர் பேர் தெரியாதவர்க்கு உணவிட்டனர். பொம்மனஹள்ளியின் பிள்ளைகள் அக்கம்பக்கத்தாருக்கு வழிகாட்டலாம்.

சொல்லும் பொருளும்

இடர் – துன்பம்
சரளைக்கல் – தண்டவாளத்தின் அடியில் பரப்பும் உடைகல்
சுழலிறகு – ஹெலிகாப்டரை மேலெழுப்பும் சுழலும் பகுதி
திடல் – திறந்தவெளி மைதானம்

சிந்தித்து எழுதுக

1. வான்வழி உதவிக்கு நிலம் ஏன் தேவை? கட்டுரையிலிருந்து இரு சான்றுகள் தருக.
2. திடலை வெறுமையாக விடுவது வீண் என்னும் கருத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? காரணம் கூறுக.
3. உங்கள் தெருவிலிருந்து அருகிலுள்ள திடலுக்குச் செல்லும் வழியை வரைந்து, தமிழிலும் கன்னடத்திலும் பெயர்களைக் குறிக்க.