மூல நிரலும் மூடிய பெட்டியும்

ஓசையை எழுப்ப நரம்பும் தோலும் துளையும் வேண்டும் என்றிருந்த நிலை மாறி, எண்களைக் கொண்டே ஓசையை எழுப்பும் காலம் வந்து வெகு நாளாயிற்று. 1957-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்பார் ஐ.பி.எம். 704 கணிப்பொறியைக் கொண்டு 17 விநாடி இசையை உண்டாக்கினார். அவ்வழியில் வந்தவர் மில்லர் பக்கெட். 1996-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திலிருந்து அவர் அளித்த மென்பொருளே ‘ப்யூர் டேட்டா’. திரையில் சிறு சிறு பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைத்தால் ஒலி பிறக்கும். விலை இல்லை. மூல நிரலும் மறைக்கப்படவில்லை. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

முழு விடுதலை கிடைத்துவிட்டது என்றுதானே தோன்றுகிறது? நானும் அப்படித்தான் எண்ணினேன்.

சென்ற ஆண்டு, எவரோ பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய ப்யூர் டேட்டா கோப்பு ஒன்றைத் திறந்தேன். பாதிப் பெட்டிகளின் விளிம்புகள் விட்டுவிட்டு வரைந்த கோடுகளாக நின்றன. ‘உருவாக்க இயலவில்லை’ என்ற செய்தி வரிசையாக வந்தது. ஒலியோ, மூச்சில்லை! காரணம் எளியது. ப்யூர் டேட்டாவுடன் வருபவை அடிப்படைப் பெட்டிகளே. மற்றவை, உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதிச் சேர்த்த துணை நூலகங்கள். ‘எக்ஸ்டர்னல்’ என்பர். அவை என்னிடம் இல்லை.

விநாடிக்கு 44,100 எண்கள் என்ற கணக்கில், 64 எண்கள் கொண்ட ஒரு கட்டைச் சராசரியாக 1.45 மில்லி விநாடிக்குள் கணக்கிட்டு முடித்தாக வேண்டும். பிந்தினால் ஒலி அறுபடும். எனவேதான் இந்நூலகங்களை இயந்திர மொழிக்கு மாற்றி வைக்கிறார்கள். இம்மாற்றமே கம்பைல் செய்தல். மாற்றியபின் அது அவ்வகை இயந்திரத்துக்கே உரியது. விண்டோஸுக்கு ஆனது லினக்ஸில் ஓடாது. இன்டெல் சில்லுக்கு ஆனது ராஸ்பெர்ரி பையில் ஓடாது.

இயந்திரம் மாறினால் கம்பைல் செய்த கோப்பு செத்துப் போகிறது. பல நூலகங்களைச் சேர்த்துக் கட்டிய ‘பிடி-எக்ஸ்டெண்டட்’ என்ற தொகுப்புக்கு 2013-க்குப் பின் புதிய பதிப்பு வரவில்லை. 2019-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணிப்பொறிகளில் 32 பிட் நிரல்களுக்கு இடமில்லை என்றதும், அங்கே அத்தொகுப்பு ஊமையாயிற்று. ஆனால் அதில் இருந்த ‘சைக்ளோன்’ நூலகம் சாகவில்லை. அது மேக்ஸ் என்ற விலையுள்ள மென்பொருளின் பெட்டிகளை ப்யூர் டேட்டாவுக்குத் தருவது. (மேக்ஸின் முதல் வடிவத்தை எழுதியவரும் பக்கெட்தான், பெயர் மேத்யூஸைச் சிறப்பிக்க வைத்தது.) வேறு சிலர் அதன் மூல நிரலை எடுத்துத் திருத்தி, மீண்டும் கம்பைல் செய்து, புதிய பதிப்புகளை வெளியிட்டனர்.

‘டெக்கன் இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு?’ என்கிறார் வகுப்புத் தோழர் ஒருவர். 2016-இல் வந்த 0.47 பதிப்பு முதல், ஆயத்தமான நூலகங்களைத் தேடி இறக்கும் டெக்கன் வசதி ப்யூர் டேட்டாவிலேயே உண்டு. நானும் முதலில் அதைத்தான் நாடுகிறேன்; அதில் வெட்கமில்லை. ஆனால் எவரோ ஒருவர் நம் இயந்திரத்துக்கென்று கம்பைல் செய்து ஏற்றி வைத்ததுதானே அங்கே கிடைக்கும்? அவர் ஏற்றாவிட்டால்? ஓட்டல் அடைத்திருக்கும் நாளில்தான் வீட்டு அடுப்பின் நினைவு வரும்.

அடுப்பு மூட்டுவதும் அவ்வளவு கடினமன்று. லினக்ஸில் ஜி.சி.சி. கம்பைலரும், மேக் என்ற கருவியும், ‘எம்_பிடி.எச்’ என்ற தலைப்புக் கோப்பும் வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ‘ப்யூர்டேட்டா-டெவ்’ என்ற பொதியை நிறுவினால் தலைப்புக் கோப்பு வந்துவிடும். பிறகு நூலகத்தின் அடைவுக்குள் சென்று ‘மேக்’ என்று தட்டினால் போதும். போதும் என்றா சொன்னேன்? முதல் முறை நான் தட்டியபோது கடைசி வரியில் ‘பிழை 1’ என்று மட்டும் வந்தது. அதையே வெறித்துப் பார்த்து இரண்டு மாலைப் பொழுதுகளை வீணாக்கினேன். நாலு வரி மேலே, தலைப்புக் கோப்பைக் காணவில்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது!

நூலகம் எழுதுவோரையும் சும்மா விடுவதற்கில்லை. மூல நிரலை வெளியிட்டுவிட்டு, எதை நிறுவ வேண்டும், எப்படிக் கம்பைல் செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதாதவர் பலர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். சி மொழிச் செய்முறை வகுப்பில் பகா எண்ணைக் கண்டறியும் நிரலை ஆண்டுதோறும் எழுதி, ஏட்டில் ஒட்டிக் கையொப்பம் பெறுகிறோம். அதனிடையே ஒரே ஒரு நாள், பிறர் எழுதிய நூலகம் ஒன்றைக் கம்பைல் செய்து பார்க்க விடுங்கள். பிழை வரட்டும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்கிறோம்.

நான் சொன்ன பழைய கோப்பில் இப்போது ஒரு பெட்டி தவிர மற்றவையெல்லாம் இயங்குகின்றன. அந்த ஒன்றை எழுதியவர் விண்டோஸுக்குக் கம்பைல் செய்த கோப்பை மட்டுமே விட்டுச் சென்றிருக்கிறார். மூல நிரலைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.