தாயக்கட்டை கேட்கட்டும்

ரொறன்ரோ புளோர் வீதியில் 2010இல் 'ஸ்நேக்ஸ் அண்ட் லாட்டேஸ்' என்ற கடை திறந்தது. காசு கொடுத்து உட்கார்ந்து, கோப்பி குடித்தபடி பலகை விளையாட்டு ஆடலாம். பிறகு கிளைகளும் வந்தன. கடைப் பெயரில் நெளியும் அந்தப் பாம்பின் பூர்வீகம் இந்தியா.

பாம்பும் ஏணியும் கொண்ட அந்த ஆட்டம் வடக்கே ஞான சௌபர், தமிழ்நாட்டில் பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுவது. பக்தி, ஞானம் போன்ற நற்குணங்கள் ஏணியாகும். தீய குணங்கள் பாம்பாகும்; பல அட்டைகளில் அவற்றுக்கு அசுரர்களின் பெயர். மோட்சத்துக்கு மிக அருகில் போனவரையும் ஒரு கடி அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது இங்கிலாந்தில் சிறுவர் விளையாட்டாக விற்பனைக்கு வந்தது. நாளடைவில் பல பதிப்புகளின் கட்டங்களில் வெறும் எண்களே மிஞ்சின. 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்புகளையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது.

ஆட்டத்துக்குள் இருந்த அர்த்தத்தைக் கழற்றிய மேற்குலகில் பிறகு அதையே தேடினார்கள். 1970களில் ஸ்காட்லாந்தின் ஃபின்ட்ஹோர்ன் ஆன்மிகச் சமூகத்தில் 'டிரான்ஸ்ஃபர்மேஷன் கேம்' உருவானது. காய் நிற்கும் இடத்துக்கேற்ப ஆடுபவர் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும். இன்று மனம்விட்டுப் பேசவைக்கும் கேள்விச் சீட்டுக்கட்டுகளைக் கடையில் வாங்குகிறோம். பரமபத அட்டையில் இந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது.

ரொறன்ரோவை ஒட்டித் தமிழர் வாழும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அப்படி ஓர் ஆட்டம் தேவைப்படுகிறது. இரவு வேலை முடித்து வரும் அப்பா கேட்பது இரண்டே கேள்வி: சாப்பிட்டாயா, எத்தனை மார்க்? பிள்ளைக்கு இரண்டுமே விசாரணை. ஜனவரி மாதம் தமிழ் மரபுத் திங்கள் என்று ஒன்ராறியோ 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றுக்கொண்டன. அந்த விழா மேடையில் பேரன், இலங்கையில் தமிழர்மீது வன்முறை நடந்த 1983 ஜூலை பற்றிப் பேசிக் கைதட்டு வாங்குகிறான். அந்த ஜூலையில் அம்மம்மா எங்கே இருந்தார் என்று அவன் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

பரமபதத்தில் ஒரேயொரு விதியைச் சேர்த்தால் போதும். ஏணி ஏறியவரோ பாம்பு கடித்தவரோ, அந்தக் கட்டத்தின் பெயரையொட்டித் தன் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்பது தகப்பன் அல்ல, தாயக்கட்டை. அதனிடம் கோபிக்க முடியாது. அது வயதும் பார்க்காது. பொறாமைக் கட்டத்தில் அப்பப்பாவும் விழுவார், அண்ணன் தம்பிக்குள் நடந்த காணிச் சண்டை அப்போது வெளியே வரலாம். பெரியவர் தன் பிழையைச் சொன்ன வீட்டில் பிள்ளைக்கும் வாய் திறக்கும். அறிவுரை சொல்பவரை மட்டும் ஐந்து கட்டம் பின்னே தள்ள வேண்டும். நம் வீடுகளில் இந்தத் தண்டனைக்கு அடிக்கடி வேலை இருக்கும்!

இது வைணவ விளையாட்டு என்று சைவ வீட்டாரோ கிறிஸ்தவரோ தயங்கலாம். அவர்கள் கட்டங்களுக்குத் தாங்களே பெயர் எழுதிக்கொள்ளட்டும். சிவராத்திரி விழிப்புக்கும் அந்த அட்டை உதவும்.

இலங்கைப் போரில் உறவுகளை இழந்தவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். அந்த நினைவைத் தாயக்கட்டையை உருட்டி வெளியே இழுக்கக் கூடாது. ஆறாத காயத்துக்கு மருத்துவமும் ஆலோசனையும் வேறு. 'நான் சொல்லவில்லை' என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் அடுத்தவர் உருட்ட வேண்டும். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் அன்று இரவு யாரும் திருத்த வேண்டாம்.