ஒரு குழாய், இரண்டு ஊர்



ஜூலை வந்தாலே ஆசிரியர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கடிதங்கள் வரும். ஸ்டெம் கல்வி (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்), ஸ்டெம் கல்வி என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியில் ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது, கிட் வாங்கப் பணமில்லை, எதை வைத்து நடத்துவது?

வழி இல்லாமல் இல்லை. தமிழக அரசு 2022இல் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. தீக்குச்சியிலும் சைக்கிள் டியூபிலும் பொம்மை செய்தே ஒரு தலைமுறைக்கு இயற்பியல் சொன்ன அர்விந்த் குப்தா தன் புத்தகங்களையும் படங்களையும் இலவசமாகவே வைத்திருக்கிறார். ஆனால் இந்த மாதம் நான் சொல்ல நினைப்பது அதைவிட மலிவானது. ஒரு மீட்டர் பி.வி.சி. குழாய் போதும்.

ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் வாரத்தில், ஆகஸ்ட் 18ஐ ஒட்டி, சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். செங்குத்தாக நிற்கும் எதற்கும் அந்தச் சில நிமிடங்கள் நிழல் விழாது. ஏப்ரல் 24 வாக்கிலும் இப்படி வரும். ஆனால் அது முழுஆண்டுத் தேர்வும் விடுமுறையுமாக இருக்கும் சமயம், பள்ளிகளுக்குப் பயன்படாது. ஆகஸ்டில் தெற்கே போகப் போக நாள் தள்ளிப்போகும். மதுரைக்கு ஆகஸ்ட் கடைசி வாரம், கன்னியாகுமரிக்கு செப்டம்பர் தொடக்கம். இலங்கையில் ஏப்ரல் மாதத்தில் இன்று எந்தெந்த ஊர்களுக்கு மேல் சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று பத்திரிகையிலேயே வந்துவிடும். கடகரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிப் பிள்ளைகளுக்கு இந்தக் கொடுப்பினை என்றைக்கும் கிடையாது.

நிழல் இல்லா நாளைப் பல பள்ளிகள் இப்போது கொண்டாடுகின்றன. முற்றத்தில் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி, சுற்றி நின்று படம் எடுத்து, அதிகாரிக்கு அனுப்பி முடித்துவிடுகிறார்கள். இது எனக்குப் போதவில்லை. நிழல் காணாமல் போவதைப் பார்ப்பது வேடிக்கை. அதே நாள் நண்பகலில் இன்னொரு ஊரில் எவ்வளவு நிழல் மிச்சம் இருக்கிறது என்று அளப்பதில்தான் பாடம் இருக்கிறது.

சென்னைப் பள்ளி ஒன்றும் கன்னியாகுமரிப் பள்ளி ஒன்றும் கூட்டு சேர்வதாக வையுங்கள். ஆகஸ்ட் 18 அன்று இரண்டு முற்றத்திலும் ஒரு மீட்டர் குழாயை நட வேண்டும். நேராக நிற்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் வேலை செய்யும் கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அவர் சொல்லித்தருவது பாடப்புத்தகத்தில் இருக்காது. 12 மணி முதல் 12.45 வரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். சூரியனை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. மிகக் குட்டையான நிழல் விழுவதுதான் அந்த ஊரின் உண்மையான நண்பகல். கடிகாரத்தில் அது 12 மணியாக இருக்காது. சென்னையில் 12.13 வாக்கில் வரும். மேற்கே இருப்பதால் கன்னியாகுமரியில் இன்னும் 11 நிமிடம் கழித்து. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், தீர்க்கரேகைப் பாடம் வரும்வரை அந்தக் கேள்வி அவர்களுடனேயே இருக்கட்டும்.

சென்னையில் நிழல் இல்லை. கன்னியாகுமரியில் 8.7 செ.மீ. அளவுக்கு நிழல் விழ வேண்டும், அதுவும் தெற்கு நோக்கி. குழாயையும் நிழலையும் அளவுக்கு வரைந்து, குழாயின் உச்சியில் பாகைமானியை வைத்தால் 5 பாகை கிடைக்கும். சூரியக் கதிர்கள் இணையாக வருவதால், பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள கோணமும் அதுவே. வட்டம் முழுவதும் 360 பாகை, அதில் 5 என்பது 72இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்தால் ஏறக்குறைய 555 கி.மீ. வரும். சாலை வழித் தூரத்தைப் போடக் கூடாது, அது எல்லாம் வளைந்து வளைந்து போவது. 555ஐ 72ஆல் பெருக்கினால் 39,960. பூமியின் சுற்றளவு 40 ஆயிரம் கி.மீ. என்று மனப்பாடம் செய்த பிள்ளை, அதைத் தானே கண்டுபிடித்துவிட்டது! சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்தது இதையேதான்.

இவ்வளவு சுத்தமாக விடை வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வராமல் இருப்பதே நல்லது. பாகைமானியில் அரை பாகை கூடிப்போனால் பூமி 36 ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிடும், குறைந்துபோனால் 44 ஆயிரமாக வீங்கிவிடும். சூரியனே வானத்தில் அரை பாகை அகலம் உள்ளதால் நிழலின் ஓரம் மங்கலாகத்தான் விழும். எந்த இடத்தில் புள்ளி வைப்பது என்று இரண்டு பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை ஆசிரியர் தீர்த்துவைக்க வேண்டாம். பத்துப் பேர் அளந்து சராசரி எடுக்கலாம் என்று அவர்களில் ஒருவரே சொல்வார்.

இந்தக் குழாயால் இன்னொரு பயனும் உண்டு. பிளஸ் டூ முடிவு வந்த பிறகுதான் நம் வீடுகளில் என்ன படிக்கலாம் என்ற பேச்சே எழுகிறது. அப்போதும் டாக்டர், இன்ஜினீயர், கம்ப்யூட்டர். குழாய் நட்டு நிழல் அளந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் நில அளவை என்றொரு தொழில் இருப்பதைச் சொல்ல அன்றைக்கே வாய்ப்பு இருக்கிறது. நில அளவையின் கதையில் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் பணிக்கு வில்லியம் லாம்டன் 1802இல் அடிக்கோடு போட்டது பரங்கிமலை அருகில். இன்று பட்டா உட்பிரிவுக்கு வரும் சர்வேயர், மெட்ரோ சுரங்கத்துக்கு வழி குறிப்பவர், டிரோன் பறக்கவிட்டு வயலை அளப்பவர், செயற்கைக்கோள் படத்தில் ஏரி சுருங்குவதைக் கணக்கிடுபவர் எல்லாரும் அந்தக் குடும்பம். பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவில் சேரலாம்; கிண்டியிலேயே புவித்தகவலியல் பொறியியல் படிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் டிப்ளமோவும் இருக்கிறது. எந்தப் படியில் ஏறினாலும் வேலை உண்டு என்பதைப் பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். சென்னை, காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளும் நெல்லை, குமரிப் பக்கத்துப் பள்ளிகளும் இந்த மாதமே ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆவணி மேகம் அன்று மறைத்தால் அடுத்த நாள் அளக்கலாம். சென்னையிலும் சிறு நிழல் விழும், இரண்டு கோணங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும். அளந்ததை எங்களுக்கு அனுப்புங்கள். 36 ஆயிரம் வந்தாலும் 44 ஆயிரம் வந்தாலும் திருத்தாமல் அனுப்புங்கள், வகுப்பின் பெயரோடு அக்டோபர் இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்