பழுதுபார்ப்பா? பழுதுமறைப்பா?

மோதலில் நசுங்கிய மகிழுந்தைத் தட்டி நிமிர்த்தி, மாவு பூசித் தேய்த்து, வண்ணம் அடித்துப் பளபளவென நிறுத்திவிட்டால் பழுது நீங்கிற்றென்று நம்புவோர் பலர். அங்ஙனம் நம்பவைத்துக் காசு பறிப்போரும் உளர். பழுதுபார்த்தல் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள்! பழுதைக் கண்டு களைதலே அதன் பொருள். கண்ணுக்குப் படாமல் மூடுதலன்று. மூடுவோர் கம்மியர் அல்லர், ஒப்பனைக்காரர்.

இக்கால மகிழுந்துகளுள் மிகப் பலவற்றுக்கு அடியில் தனிச் சட்டம் இல்லை. தகடுகளைப் பற்றவைத்து ஆக்கிய கூடே அவற்றின் எலும்புமாகும். முன்புறமும் பின்புறமும் மடிந்து மோதலின் விசையை ஏற்றல் வேண்டும். நடுவே மாந்தர் அமரும் அறை நசுங்காது நிற்றல் வேண்டும். 1951-இல் பேலா பரேனி என்னும் பொறியாளர் செருமனியில் காப்புரிமைக்கு முன்வைத்த இக்கருத்து, 1959-இல் மெர்சிடிசு ஊர்தியில் உருப்பெற்றது. ஒருமுறை மடிந்த உறுப்பு தன் கடனை ஆற்றி முடித்துவிட்டது. அதனைக் காய்ச்சி நிமிர்த்தினால் வடிவம் மீளலாம், வலிமை மீளுமோ? தூண்களில் அமையும் போரான் எஃகு, செந்தழலாகக் காய்ச்சி அச்சில் அழுத்தி விரைந்து குளிர்வித்தமையால் வலிமை பெற்றது. மீண்டும் காய்ச்சின் அவ்வலிமை குன்றும். ஆகலின், கூட்டை அளவுமேடையில் பூட்டி, ஊர்தியைச் செய்தோர் தந்த அளவுகளொடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, கோணியதை இழுத்து நேராக்கி, மடிந்ததை வெட்டி நீக்கி, அவர் வகுத்த இடத்தில் வகுத்த முறையில் புதியதைப் பொருத்துவதே பழுதுபார்ப்பாம்.

இம்முறையை மீறினால் என்னாகும்? அமெரிக்கத் தெக்சாசு மாநிலத்தில், ஆலங்கட்டி மழையால் கூரை கெட்ட 2010-ஆம் ஆண்டு ஓண்டா மகிழுந்து ஒன்றுக்குப் பட்டறையொன்று புதுக்கூரை பொருத்தியது. பற்றவைக்க வேண்டிய கூரையைப் பசையிட்டு ஒட்டியது! அஃதறியாது அதனை வாங்கிய கணவனும் மனைவியும் 2013-இல் நேர்ந்த மோதலில் கொடும்புண் பட்டனர். 2017-இல் நடுவர் குழு அப்பட்டறை 3 கோடித் தாலருக்கு மேல் இழப்பீடு தரவேண்டுமெனத் தீர்த்தது. ஒட்டிய கூரையை வெளியினின்று பார்த்துக் கண்டிருப்பார் யார்?

'காப்பீட்டார் தரும் தொகை போதாது. உரிமையாளரும் குறைந்த செலவையே கேட்கின்றார்' என்பர் சிலர். போதாதெனின் வேலையை மறுக்கலாம். ஊர்தி ஓடத்தகாதது என்று எழுதிக் கொடுக்கலாம். அரைகுறையாய் ஒட்டி, முழுமையென்று சொல்லி, பின்னொருவன் தலையில் கட்டுதற்கு எந்த அறம் இடந்தருகின்றது? கூலி குறைந்ததற்கு ஈடாக உயிரையா கொடுப்பது?

ஊர்தி உடையீர்! திரும்பப் பெறுங்கால் வண்ணத்தின் மினுக்கை நோக்காதீர். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கேளுங்கள். மாற்றிய உறுப்புகளின் பட்டியலைக் கேளுங்கள். காட்ட மறுப்பவன் மறைப்பவனே!