படத்தின் முதுகில் பெயர் எங்கே?

கூத்தாடியின் படத்தைக் காசு கொடுத்து வாங்குவதா என்று கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்றும் உண்டு. விக்டோரியா அரசியார் காலத்து இலண்டன் மாந்தர் அப்படிக் கேட்கவில்லை. வாங்கினர்; ஆல்பத்தில் செருகினர்; வந்தவர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்தனர்.

1854இல் பாரிசு நகரத்துத் திஸ்தேரி, ஒரே தகட்டில் பல படங்கள் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விலை சரிந்தது. இரண்டரை அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமுமான அட்டையேறி எல்லன் டெர்ரியும் ஹென்றி இர்விங்கும் வீடு வீடாகக் குடிபுகுந்தனர். முட்டை வெண்கருவும் வெள்ளி உப்பும் பூசிய தாளில் பதிந்த படங்கள் அவை. வேதியியல் மாணவனாகிய எனக்கு அதில் தனி மயக்கம் உண்டு என்பதை மறைப்பானேன்! ஆயினும் நான் வியப்பது வெள்ளியை அன்று, அட்டையை. எடுத்த நிலையத்தின் பெயர் அதில் அச்சாகியிருக்கும். பலவற்றில் நடிகர் பெயரும், ஏற்ற வேடமுங்கூட இருக்கும். அதனாலன்றோ இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவற்றை ஆளறிந்து அடுக்கி வைத்திருக்கிறது!

நம் நிலை என்ன? 1933இல், இருபத்தேழு வயதில் மறைந்த கிட்டப்பாவின் முகத்தை அறிவோம். கே. பி. சுந்தராம்பாளை அறிவோம். இந்நகரத்து மராட்டியர் பால கந்தர்வரின் (1888-1967) பெண்வேடப் படங்களைப் போற்றுகின்றனர். புகழ் பெற்றோர் பிழைத்துக்கொண்டார்கள். ராஜபார்ட்டுக்கு எதிரே நின்ற ஸ்திரீபார்ட் யார்? பபூன் யார்? பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, குரல் உடைந்ததும் ஒதுங்கிய சிறுவர் யார், யார்?

செம்பூரில் ஒரு வீட்டில் கண்ட படத்தில் கிரீடம் தரித்த இளைஞர் நால்வர். “தாத்தாவின் கம்பெனி” என்றனர். நால்வரில் தாத்தா எவர்? வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை!

கைப்பேசியில் எடுத்து அனுப்பினால் போதாதோ என்பார் தேவ்நார் விடுதி நண்பர். முகத்தை அனுப்புகிறீர், பெயரை எங்ஙனம் அனுப்புவீர்? கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனியொருவர் திரட்டிய நூல்களோடு பழைய நாடக நோட்டீசுகளும் இன்று சென்னையில், அவர் பெயர் தாங்கிய நூலகத்தில் காக்கப்படுகின்றன. நோட்டீசில் பெயர்கள் உள்ளன. நம் டிரங்குப் பெட்டிகளில் முகங்கள் உள்ளன. இரண்டையும் இணைக்க வல்லவர் எண்பதைக் கடந்த நம் பாட்டிமாரே. அவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

ஆகவே, தாராவியிலும் மாதுங்காவிலும் வீடுள்ள தோழர்களே, வருகிற ஞாயிறன்றே கேளுங்கள். பெயர், வேடம், ஊர், ஆண்டு: கேட்டதைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். மை வேண்டாம், பம்பாய் மழைக்கால ஈரத்தில் அது ஊறி முகத்திற்கே வந்துவிடும்.