‘பால் புரைக்கேறியது’ என்று எழுதினால் விசாரணை முடிந்துவிடுமா?

லயத்தில் இரவு பால் குடித்துத் தூங்கிய கைக்குழந்தை விடியும்போது அசைவில்லாமல் கிடந்தால், அடுத்து என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியும். வைத்தியசாலை, பொலிஸ், திடீர் மரண விசாரணை அதிகாரி, பிரேத பரிசோதனை. பல நேரங்களில் கடைசியில் மிஞ்சுவது ‘பால் புரைக்கேறி மரணம்’ என்ற ஒரே வரி. “பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தெரியாதவள்” என்ற பேச்சை அந்தத் தாய் பிரட்டுக்களத்திலும் கொழுந்து மலையிலும் சுமக்கிறாள்.

தோழர்களே, அந்த வரியை இனி நாம் கேள்வி கேட்காமல் ஏற்கக்கூடாது. உயிர் பிரியும்போதும், காப்பாற்றுவதற்காக நெஞ்சை அழுத்தும்போதும் வயிற்றிலுள்ள பால் மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். எனவே, அங்கே பால் இருந்ததை மட்டும் வைத்து, பால்தான் உயிரைப் பறித்தது என்று முடிவு செய்ய முடியாது. நியுமோனியாவாக இருக்கலாம், பிறவி இருதய நோயாக இருக்கலாம், குப்புறப் படுத்ததாக இருக்கலாம். தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

வெளிநாடுகளில் எப்படித் தேடுகிறார்கள்? பிரேத பரிசோதனையோடு, பிள்ளை கிடந்த இடத்தைப் பார்ப்பதும் நோய் வரலாற்றைக் கேட்பதும் அவசியம் என்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கென 1996இல் ஒரு படிவம் வந்தது. 2006இல் அதைத் திருத்தினார்கள். பிள்ளை எப்படிக் கிடந்தது என்பதை ஒரு பொம்மையை வைத்துக் காட்டச் சொல்கிறார்கள். இறந்த பிள்ளைகள் எப்படிப் படுக்க வைக்கப்பட்டிருந்தார்கள் என்று ஒழுங்காக ஆராய்ந்ததால்தான், மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்பது உறுதியானது. 1991இல் பிரித்தானியாவில் இதைப் பிரசாரம் செய்த பிறகு, சில வருடங்களிலேயே இத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன.

நமது நாட்டிலும் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக ஆராயும் வழக்கம் உண்டு. அதே அக்கறை திடீரென இறக்கும் சிசுவுக்கும் வேண்டும். எமது கோரிக்கைகள் இவை:

ஒன்று, நகரமானாலும் தோட்டமானாலும் ஒரே கேள்விப் படிவம்.

இரண்டு, குடும்பநல மாதுவுடன் அதிகாரி உடனடியாகக் காம்பராவுக்கே வரவேண்டும். தொட்டிலா, கட்டிலா, எத்தனை பேர் கூடப் படுத்தார்கள், அடுப்புப் புகை, ஈரம், காற்றோட்டம் எல்லாம் பதிவாக வேண்டும்.

மூன்று, கிளினிக் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

நான்கு, வாக்குமூலம் தமிழில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழிதான்.

ஐந்து, முடிவைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்க வேண்டும்.

காம்பராவைப் பற்றிப் படிவம் கேட்காவிட்டால் பழி தாயோடு நின்றுவிடும். கேட்டால், ஒரு குடும்பமே ஒரு காம்பராவில் முடங்கிக் கிடப்பதற்குக் கம்பனியும் அரசும் பதில் சொல்ல வேண்டிவரும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. இப்படி ஒரு மரணம் நடந்தால் தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் பெற்றோருடன் பொலிசுக்குப் போகவேண்டும். அதிகாரி பார்க்கும்வரை படுக்கையைக் கலைக்க வேண்டாம். விளங்காத தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம். பயந்துபோய் யாரும் தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம்; தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து குறைவு. மல்லாக்கப் படுத்தால் புரைக்கேறும் என்ற பயமும் தேவையில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குக் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதைக் கேட்க அவளைத் தனியே அனுப்பக்கூடாது.