பார வண்டியில் பந்தயம்: டயர் படும் பாடு

புதுக்கோட்டை மாவட்டத்தில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்க்காதவர்கள் குறைவு. கோயில் திருவிழா என்றால் பல ஊர்களில் பந்தயமும் உண்டு. அறந்தாங்கி, மணமேல்குடி, திருமயம் பக்கங்களில் அன்று காலையில் ரோட்டின் இரு ஓரமும் ஜனங்கள் நிற்பார்கள். பெரிய மாடு, கரிச்சான் மாடு என்று பிரிவு பிரித்து, போய்வர இத்தனை மைல் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

அந்த வண்டியைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அது நெல் மூட்டை ஏற்றும் வண்டி அல்ல. பலகை குறைவு. பாரம் கிடையாது. சாரதியும் துணையாளும் ஏறினால் அதுவே பாரம்! பார வண்டியைப் பூட்டிக்கொண்டு எவரும் பந்தயத்துக்கு வருவதில்லை. வந்தால் மாட்டின் லாடமும் மிஞ்சாது, வண்டியின் அச்சும் மிஞ்சாது.

ஆனால் மோட்டார் உலகத்தில் இப்போது நடப்பது இதற்கு நேர் எதிர். பார வண்டிகள்தான் பந்தயப் பாதைக்கு வருகின்றன.

மூன்றரை மாருதி

1983-ம் ஆண்டு மாருதி 800 கார் வந்தது. அதன் எடை சுமார் 650 கிலோ. 2024-ம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. கம்பெனி எம்.5 என்ற வேகக் காரின் புதிய மாடலை வெளியிட்டது. அதன் எடை 2,400 கிலோவுக்கு மேல்! மூன்றரை மாருதியை ஒன்றாகக் கட்டியதுபோல. அதே காரின் முந்தைய மாடல் 2,000 கிலோவுக்குள் அடங்கியது.

எடை ஏன் ஏறியது? பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் பெரிய பாட்டரியும் சேர்ந்ததுதான் முக்கியக் காரணம். இந்த ஒரு கார் மட்டும் அல்ல. ஒரே காரில் பெட்ரோல் வகை, மின்சார வகை இரண்டும் இருந்தால், மின்சார வகை பெரும்பாலும் சில நூறு கிலோ கூடுதலாகவே இருக்கிறது.

எடை கூடினாலும் வேகம் குறையவில்லை. மோட்டாரின் பலம் அதைச் சமாளித்துவிடுகிறது. ஓட்டுகிறவருக்கு எடையே தெரிவதில்லை. தெரிவது டயருக்குத்தான்.

திருச்சி வரை 180 வளைவு

சென்னைக்கு அருகே, பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயப் பாதை இருக்கிறது. அது 1990-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. கோயம்புத்தூர் பக்கத்தில் செட்டிப்பாளையத்திலும் ஒரு பாதை உண்டு.

இத்தகைய பாதைகளைப் பந்தயம் இல்லாத நாட்களில் கட்டணத்துக்கு விடுவது வழக்கம். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் பணம் கட்டி, தங்கள் காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். இதற்கு 'ட்ராக் டே' என்று பெயர். ரோட்டில் பறந்து ஊராரைப் பயமுறுத்துவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் செலவுக் கணக்கு வேறு. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். 12 வளைவுகள். 15 சுற்று ஓடினால் சுமார் 55 கிலோமீட்டர் ஆகிறது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போய்ச் சேரும் தூரம்தான். ஆனால் அதற்குள் 180 வளைவுகள்! ஒவ்வொன்றுக்கு முன்னும் பிரேக், ஒவ்வொன்றுக்குப் பின்னும் பாய்ச்சல். திருச்சி ரோட்டில் அப்படி ஓட்டினால் பஸ்ஸில் இருப்பவர்கள் கண்டக்டரைச் சும்மா விடுவார்களா?

பத்து லிட்டர் தண்ணீர்

2,400 கிலோ கார் ஒன்று 200 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வளைவுக்கு முன்னால் பிரேக் போட்டு 80-க்குக் குறைக்கிறார்கள். குறைந்த வேகம் எங்கே போகிறது? சூடாக மாறுகிறது. எவ்வளவு சூடு? ஏறக்குறைய பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு! அதுவும் சில விநாடிகளில். காரின் எடை பாதியாக இருந்தால் சூடும் பாதிதான்.

இந்தச் சூட்டில் பெரும்பகுதியைப் பிரேக் தட்டுகள் வாங்கிக்கொள்கின்றன. டயருக்கும் பங்கு உண்டு. டயர் தரையைத் தொடும் இடமோ உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நான்கு டயருக்கும் சேர்த்து நான்கு உள்ளங்கை. அதன் மேல்தான் 2,400 கிலோவும் நிற்கிறது, திரும்புகிறது.

வளைவில் சங்கதி இன்னும் மோசம். வலப்பக்கம் திரும்பினால் பாரம் முழுவதும் இடப்பக்கம் சாய்கிறது. பிரேக்கும் சேர்ந்தால் முன்னால் சாய்கிறது. ஆகவே வலப்பக்க வளைவு அதிகமுள்ள பாதையில் இடப்பக்க முன் டயர்தான் முதலில் சாகும். மற்ற மூன்றும் நன்றாக இருக்கும். இது ஒன்று மட்டும், அதிலும் அதன் வெளி ஓரம் மட்டும், கரைந்துபோயிருக்கும்.

பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பும் இரண்டு மடங்காக வேண்டாமா என்று கேட்கலாம். ரப்பர் அப்படிப்பட்டதல்ல. பாரம் கூடும்போது பிடிப்பும் கூடும். ஆனால் அதே அளவுக்குக் கூடாது. எனவே கனமான கார் வளைவில் சற்று வழுக்குகிறது. வழுக்கும்போது தார் அரத்தைப்போல ரப்பரை ராவுகிறது.

இதைச் சமாளிக்க அகலமான, மென்மையான டயர் போடுகிறார்கள். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும். சீக்கிரமும் தேயும். ரோட்டில் வருடக்கணக்கில் ஓடக்கூடிய டயர், பாதையில் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் மொட்டையாகிவிடுவது உண்டு.

ஆறே கார் ஓடிய பந்தயம்

இது பணக்காரர்களின் செலவுதானே என்று தள்ளிவிட முடியாது. டயர் தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2005-ல் உலகமே பார்த்தது. அதில் ஒரு தமிழரும் இருந்தார்.

கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் அந்த ஆண்டு பார்முலா ஒன் பந்தயத்தில் சேர்ந்தார். இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் வீரர் அவர். ஜூன் மாதம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் பந்தயம். அந்தப் பாதையின் 13-வது வளைவு சரிவாகக் கட்டப்பட்டது. காரை வேகமாக விடலாம். ஆனால் டயர் தரையோடு அழுந்தும். பந்தயக் கார் எடை குறைந்ததுதான். இருந்தாலும் வேகமும் சரிவும் காற்றும் சேர்ந்து அதைப் பார வண்டியாக்கிவிட்டன.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் ரால்ப் ஷுமாக்கர் ஓட்டிய காரின் இடப்பக்கப் பின் டயர் அந்த வளைவில் போயிற்று. கார் சுவரில் மோதியது. மிச்செலின் கம்பெனி தன் டயர்களைச் சோதித்தது. அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் டயர் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றது. பாதையை மாற்ற அதிகாரிகள் ஒப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 19. இருபது கார்கள் ஒரு சுற்று மெதுவாக வந்தன. அதில் 14 கார்கள் அப்படியே ஒதுங்கி நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டன! மிச்செலின் போட்ட கார்கள் அத்தனையும் போயின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக மிச்செலின் பிறகு அறிவித்தது.

அன்று கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். பார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் புள்ளி பெற்றது அதுவே முதல் தடவை. வெற்றியில் கொஞ்சம் கசப்பு இருந்தது உண்மை. ஆனால் ஒதுங்கிப்போன 14 பேரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

வீடு திரும்பும் வழி

ட்ராக் டேக்கு வருகிறவர்களுக்கு ஒத்திகை பார்த்துச் சொல்ல டயர் கம்பெனி ஆட்கள் கிடையாது. அவர்கள் அதே காரில், அதே டயரில் வீடு திரும்புகிறார்கள். பல சமயம் மனைவி மக்களோடு.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. டயர் சூடானால் உள்ளே காற்றின் அழுத்தம் ஏறும். காலையில் 32 பவுண்டு வைத்தது, சில சுற்றுக்குப் பிறகு 40 ஆகலாம். பிடிப்புக் குறைகிறதே என்று ஓட்டுகிறவர் காற்றை இறக்குவார். 34-க்குக் கொண்டுவருவார். பாதைக்கு அது சரிதான். மாலையில் டயர் ஆறிய பிறகு அது 27-க்கு வந்துவிடும். அதை மறந்து, பெட்டி படுக்கையோடு நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால், காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். வெடிக்கிற டயர்களில் பல இப்படிக் காற்றுக் குறைந்தவையே.

இரண்டாவது ஆபத்து, ஓரம். காரின் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த அளவைக் காட்ட டயரின் பள்ளங்களுக்குள்ளேயே சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை இருப்பது டயரின் முகப்பில். பந்தயப் பாதையில் தேய்வதோ தோள்பட்டை. முகப்பில் பள்ளம் நன்றாகத் தெரியும்; ஓரத்தில் கம்பி வெளியே வந்திருக்கும்.

லாரி டிரைவர்கள் இதை நன்றாக அறிவார்கள். வண்டியை நிறுத்தியதும் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். கையை உள்ளே விட்டு ஓரத்தைத் தடவுவார்கள். முன் சக்கரத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்துக் குனிந்து பார்த்தால் கார்க்காரருக்கும் தெரிந்துவிடும். அரை நிமிஷ வேலை.